எஸ்க்யூஎல் சர்வரில் அட்மின் லாகின் ஆகவில்லையா? 18456 பிழையிலிருந்து சிங்கிள் யூசர் மோட் வரை முழுமையான வழிகாட்டி

"லாகின் ஃபெயில்டு ஃபார் யூசர் எஸ்ஏ." மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரைப் பராமரிக்கும் எவரும் இந்த வரியை ஒருநாள் பார்த்தே தீர வேண்டும். எஸ்ஏ என்பது சர்வரோடு சேர்ந்தே வரும் முழு அதிகாரக் கணக்கு. பார்த்ததும் கை தானாகப் போவது பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடிப்பதற்கு. அப்புறம் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வது. அதற்கும் மசியவில்லை என்றால், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யலாமா என்ற யோசனை. மூன்றையும் தள்ளிவையுங்கள். திரும்பத் திரும்பத் தவறான பாஸ்வேர்ட் கொடுத்தால் கணக்கே பூட்டிக்கொள்ளலாம். ரீஸ்டார்ட் செய்தால் அந்த நிமிடம் ஓடிக்கொண்டிருந்த எல்லா வேலையும் அறுந்துபோகும். இவ்வளவுக்கும் பிறகு காரணம் மட்டும் தெரிந்திருக்காது.

காரணம் சர்வருக்குத் தெரியும். தன் எரர் லாகில் அதை எழுதியும் வைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் எதையும் மாற்றாதீர்கள் என்பதைத்தான் இந்த வழிகாட்டி முழுக்க வற்புறுத்தப் போகிறேன்.

இங்கே சொல்வது விண்டோஸில் ஓடும் 2012 முதல் 2022 வரையிலான பதிப்புகளுக்குப் பொருந்தும். லினக்ஸ், டாக்கர் பற்றிப் பின்னால் தனியாக வருகிறது. இன்னொன்று: கடைசிப் பகுதிகளில் வரும் வழிமுறைகள் பூட்டிய சர்வருக்குள் முழு அதிகாரத்தோடு நுழைய வைப்பவை. உங்கள் பொறுப்பில் இருக்கும் சர்வரில், உரியவர்களின் அனுமதியோடு மட்டும் செய்யுங்கள்.

முதலில்: இது உண்மையில் லாகின் பிரச்சினைதானா?

அட்மினால் உள்ளே போக முடியவில்லை என்று வரும் புகார்களில் ஒரு பகுதி லாகின் வரை வந்தே சேராதவை. திரையில் வரும் பிழை எண்ணைப் பாருங்கள்.

பிழை 26 என்றால், நீங்கள் கொடுத்த இன்ஸ்டன்ஸ் (ஒரே இயந்திரத்தில் தனித்தனியாக ஓடக்கூடிய சர்வர் நிறுவல்களில் ஒன்று) பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எஸ்க்யூஎல் சர்வர் பிரௌசர் சர்வீஸ் நின்றிருக்கும், அல்லது யூடிபி 1434 போர்ட் ஃபயர்வாலில் மூடியிருக்கும். பிழை 53 என்றால் அந்தப் பெயருள்ள இயந்திரத்தையே எட்ட முடியவில்லை; பெயர், டிஎன்எஸ், ஃபயர்வால் மூன்றையும் பாருங்கள். 10061 என்றால் இயந்திரம் இருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. எக்ஸ்பிரஸ், டெவலப்பர் பதிப்புகளில் டிசிபி/ஐபி ஆரம்பத்திலேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் போய் அதை இயக்கி, சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் பெயரோடு கமா போட்டுப் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். வழக்கமான இன்ஸ்டன்ஸுக்கு அது 1433. பெயரிட்ட இன்ஸ்டன்ஸ்கள் பெரும்பாலும் தாமாகத் தேர்ந்துகொண்ட வேறு போர்ட்டில் இருக்கும்.

இப்போது அதிகமாகப் பார்க்கும் இன்னொரு சிக்கல் சான்றிதழ் சம்பந்தப்பட்டது. இணைப்பு கிடைத்தது, ஆனால் லாகின் செய்யும்போது பிழை நேர்ந்தது என்று செய்தி வரும். அதன் வாலில், சான்றிதழை வழங்கியவர் நம்பகமானவர் அல்ல என்ற வரி இருக்கும். லாகின் என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லோரும் பாஸ்வேர்டைத் தோண்டப் போய்விடுகிறார்கள். பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சர்வரோடு இணைக்கும் கருவிகளான ஓடிபிசி டிரைவர் 18, மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ 20 ஆகியவற்றிலிருந்து மறையாக்கம் தானாகவே கட்டாயமாகிவிட்டது. சர்வரிடம் இருப்பதோ தானே தயாரித்துக்கொண்ட சான்றிதழ். நேற்று வரை வேலை செய்த அதே பாஸ்வேர்ட், கருவியைப் புதுப்பித்த மறுநாள் "வேலை செய்யாமல்" போவது இதனால்தான். முறையான தீர்வு, நிறுவனத்தின் சான்றிதழ் ஆணையம் வழங்கிய சான்றிதழை சர்வரில் பொருத்துவது. சோதனைக் கணினி என்றால் இணைப்புச் சாளரத்தில் "ட்ரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட்" பெட்டியை டிக் செய்து முன்னேறலாம். உற்பத்திச் சர்வரில் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

திரையில் வந்த எண் 18456 என்றால் நல்ல செய்தி. நெட்வொர்க், போர்ட், சர்வீஸ் எல்லாம் சரி. சர்வர் உங்களைப் பார்த்துவிட்டு மறுத்திருக்கிறது.

எரர் லாகைத் திறப்பது

18456-க்குப் பக்கத்தில் "ஸ்டேட் 1" என்று உங்கள் திரையில் தெரியும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. என்ன காரணமாக இருந்தாலும் வெளியே இருப்பவருக்குப் பெரும்பாலும் 1 என்றுதான் சொல்லும். "இந்தப் பெயரில் ஆள் இல்லை", "ஆள் உண்டு, பாஸ்வேர்ட்தான் தவறு" என்று பிரித்துச் சொன்னால், கதவைத் தட்டிப் பார்க்கும் திருடனுக்கு அதுவே பாதி விடை. 2002 மே மாதம் ஸ்பைடா, எஸ்க்யூஎல் ஸ்னேக் என்ற பெயர்களில் ஒரு வார்ம் பரவியது. எஸ்ஏ கணக்குக்குப் பாஸ்வேர்டே வைக்காமல் விட்ட சர்வர்களை 1433 போர்ட்டில் தேடித் தேடி அது நுழைந்தது. இப்படி ஒரு வரலாறு இருக்கும்போது சர்வர் வாயை மூடிக்கொள்வது நியாயம்தான்.

உண்மையான ஸ்டேட் எண் எரர் லாகில் இருக்கும். லாகின் ஆக முடியாதபோது மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ வழியாக அதைப் பார்க்க முடியாது. சர்வர் இயந்திரத்திலேயே அமர்ந்து அல்லது ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் போய், கோப்பை நோட்பேடில் நேரடியாகத் திறக்க வேண்டும். 2022 பதிப்பின் வழக்கமான இன்ஸ்டன்ஸுக்கு, புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர், அதனுள் எம்எஸ்எஸ்க்யூஎல்16 என்று தொடங்கும் ஃபோல்டர், அதனுள் எம்எஸ்எஸ்க்யூஎல், அதனுள் லாக். அங்கே எரர்லாக் என்ற பெயரில், எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல் இருப்பதுதான் நடப்புக் கோப்பு. 1, 2 என்று எண் போட்டவை பழையவை. மாற்றி அமைக்காவிட்டால் பழைய கோப்புகளில் 6 மட்டுமே இருக்கும். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் ஒன்று நகர்ந்து கடைசியில் இருப்பது அழிந்துபோகும். பதற்றத்தில் பலமுறை ரீஸ்டார்ட் செய்வது தடயத்தையே அழிப்பதாக முடியும்.

பாதை தெரியவில்லை என்றால் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அந்த சர்வீஸின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, ஸ்டார்ட்அப் பாராமீட்டர்ஸ் தாவலில் மைனஸ் இ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். முழுப் பாதையும் அங்கே இருக்கும். கான்ஃபிகரேஷன் மேனேஜரே ஸ்டார்ட் மெனுவில் அகப்படவில்லையா? ரன் பெட்டியில் எஸ்க்யூஎல்சர்வர்மேனேஜர்16 டாட் எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். 2019-க்கு 16-க்குப் பதில் 15, 2017-க்கு 14, 2016-க்கு 13.

கோப்பின் அடிப்பகுதிக்குப் போய் 18456 என்று தேடினால் இரண்டு வரிகள் சேர்ந்தே இருக்கும். முதல் வரியில் ஸ்டேட் எண். இரண்டாவதில் எந்தப் பெயர், என்ன காரணம், எந்த ஐபி முகவரியிலிருந்து முயற்சி வந்தது என்ற விவரம். அந்த ஐபி முகவரி பின்னால் ரொம்ப உதவும், குறித்து வையுங்கள். எதுவுமே பதிவாகவில்லை என்றால், லாகின் ஆடிட்டிங்கை யாரோ முழுதாக அணைத்திருக்கிறார்கள். இயல்பாக அது தோல்வியடைந்த முயற்சிகளை மட்டும் பதியும் நிலையில் இருக்கும்.

ஸ்டேட் எண் சொல்லும் கதை

8 என்றால் பெயர் சரி, பாஸ்வேர்ட் தவறு. அதிகம் வருவது இதுதான். பாஸ்வேர்ட் உங்களுக்கு உறுதியாகத் தெரியும் என்றால் சந்தேகத்தைத் தட்டச்சின் பக்கம் திருப்புங்கள். பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் கண்டிப்பாகப் பார்க்கப்படும். ரிமோட் டெஸ்க்டாப்பில் கீபோர்ட் மொழி தமிழிலேயே நின்றுவிட்டால், திரையில் புள்ளிகள் மட்டும் தெரிவதால் கண்டுபிடிக்கவே முடியாது; ஒருமுறை நோட்பேடில் அடித்துக் கண்ணால் பாருங்கள். எங்கிருந்தோ காப்பி செய்தபோது கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். பாஸ்வேர்டில் அரைப்புள்ளி இருந்தால் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் அதோடு முடிந்ததாக நினைத்துக்கொள்ளும். லினக்ஸ் டெர்மினலில் டாலர் குறியும் ஆச்சரியக்குறியும் ஷெல்லுக்கு வேறு அர்த்தம் தருபவை. பாஸ்வேர்டை ஒற்றை மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

5 என்றால் அந்தப் பெயரில் லாகினே இல்லை. எஸ்ஏ-வுக்கு 5 வருகிறதென்றால், பாதுகாப்புக்காக யாரோ எஸ்ஏ-வின் பெயரை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கணக்கு எங்கும் போகவில்லை, பெயர்தான் வேறு. அதன் உள் அடையாள எண் எப்போதும் 1. வேறு அட்மின் யாராவது உள்ளே போக முடிந்தால், சர்வர் பிரின்சிபல்ஸ் பட்டியலில் பிரின்சிபல் ஐடி 1 என்று இருக்கும் பெயரைப் பார்த்துச் சொல்லிவிடலாம். விண்டோஸ் கணக்குக்கு 5 வந்தால் அந்தக் கணக்கோ, அது சேர்ந்திருக்கும் குழுவோ இந்தச் சர்வரில் சேர்க்கப்படவில்லை.

6 என்றால் விண்டோஸ் கணக்கின் பெயரை எஸ்க்யூஎல் ஆதென்டிகேஷன் பெட்டியில் போட்டிருக்கிறீர்கள். டொமைன் பெயர், பின்சாய்வுக்கோடு, பயனர் பெயர் என்று எழுதி டொமைன் பாஸ்வேர்டையும் கொடுப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. விண்டோஸ் ஆதென்டிகேஷனில் பெயரோ பாஸ்வேர்டோ கேட்கப்படாது. வேறு கணக்காக நுழைய வேண்டுமென்றால் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவையே அந்தக் கணக்கின் பெயரில் திறக்க வேண்டும்.

7 என்றால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, கூடவே பாஸ்வேர்டும் தவறு. முடக்கப்பட்ட கணக்குக்குச் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தால் எண்ணே மாறி 18470 வரும். கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்று திரையிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடும். ஆக, 18470 பார்த்தால் சந்தோஷப்படுங்கள், உங்கள் பாஸ்வேர்ட் சரி.

58 என்றால் சர்வர் விண்டோஸ் ஆதென்டிகேஷனை மட்டும் ஏற்கும் நிலையில் இருக்கிறது. எஸ்ஏ-வுக்கு எந்தப் பாஸ்வேர்ட் கொடுத்தாலும் உள்ளே விடாது. விண்டோஸ் வழியாக நுழைய முடிந்தவர் சர்வர் பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கத்தில், விண்டோஸ் கணக்கு, எஸ்க்யூஎல் லாகின் இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. இன்ஸ்டால் செய்தபோது விண்டோஸ் மட்டும் என்று தேர்ந்திருந்தால் எஸ்ஏ கணக்கு முடக்கப்பட்டே உருவாகியிருக்கும். முறையை மாற்றினால் மட்டும் அது உயிர்பெறாது. லாகின்ஸ் கீழே எஸ்ஏ-வின் பிராப்பர்ட்டீஸில் ஸ்டேட்டஸ் பக்கம் போய் எனேபிள்டு ஆக்கி, புதுப் பாஸ்வேர்டும் வைக்க வேண்டும்.

11, 12 இரண்டும் விண்டோஸ் உங்களை அடையாளம் கண்டுகொண்டது, எஸ்க்யூஎல் சர்வருக்குள் விட அனுமதி கிடைக்கவில்லை என்பதைச் சொல்பவை. உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழு வழியாக அனுமதி பெற்றவர் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவைச் சாதாரணமாகத் திறந்தால் இது வரும். விண்டோஸின் யூஏசி பாதுகாப்பு அந்தக் குழு அடையாளத்தை மறைத்துவிடுகிறது. வலது கிளிக் செய்து ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறந்து பாருங்கள். பலருக்கு அத்தோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

18 என்றால் பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டிய கட்டம். 38, 40 என்றால் லாகின் சரி, போய்ச் சேர வேண்டிய டேட்டாபேஸ்தான் திறக்கவில்லை. அதைக் கீழே பார்க்கலாம்.

எஸ்ஏ பூட்டிக்கொண்டால்

18486 என்ற எண் வந்தால் கணக்கு லாக் ஆகியிருக்கிறது. பாஸ்வேர்ட் கொள்கையை எஸ்ஏ-வுக்கும் நடைமுறைப்படுத்தியிருந்தால், விண்டோஸின் லாக்அவுட் விதி அதற்கும் பொருந்தும்.

வேறு ஒரு சிஸ்அட்மின் (சர்வரில் முழு அதிகாரம் உள்ளவர்) உள்ளே போய் எளிதாகத் திறந்துவிடலாம். ஆனால் பிராப்பர்ட்டீஸ் சாளரத்தில் லாக்டு அவுட் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ஓகே கொடுத்தால், திறக்கும்போது பாஸ்வேர்டையும் புதிதாக வை என்று பிழை காட்டும். பாஸ்வேர்டை மாற்ற முடியாத நிலை என்றால் ஒரு வழி இருக்கிறது: அந்த லாகினுக்கு என்ஃபோர்ஸ் பாஸ்வேர்ட் பாலிசியை அணைத்துச் சேமித்து, மறுபடி இயக்கிச் சேமியுங்கள். பூட்டு விலகிவிடும், பாஸ்வேர்ட் அப்படியே இருக்கும். பழைய பாஸ்வேர்ட்களின் வரலாறு மட்டும் அழிந்துபோகும்.

திறந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடாதீர்கள். பூட்டியது யார்? எரர் லாகில் 8 ஸ்டேட்டோடு வரிசையாக நிற்கும் வரிகளில் ஐபி முகவரியைப் பாருங்கள். பழைய பாஸ்வேர்டை இன்னும் வைத்துக்கொண்டு சில நொடிகளுக்கு ஒருமுறை கதவைத் தட்டும் ஒரு பயன்பாடோ, பேக்கப் ஸ்கிரிப்ட்டோ, கண்காணிப்புக் கருவியோ அங்கே இருக்கும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் கணக்கு கொஞ்ச நேரத்தில் மீண்டும் பூட்டிக்கொள்ளும். முகவரி உங்கள் நெட்வொர்க்குக்கு வெளியே இருந்தால் அது வேறு வகைப் பிரச்சினை. 1433 போர்ட் இணையத்துக்குத் திறந்து கிடக்கிறது, உடனே மூடுங்கள்.

டேட்டாபேஸ் இல்லை, ட்ரிக்கர் தடுக்கிறது

4064 என்ற எண் வந்தால், உங்கள் லாகினுக்கு வழக்கமான டேட்டாபேஸாகக் குறித்து வைத்தது அழிக்கப்பட்டிருக்கிறது, அல்லது ஆஃப்லைனில் இருக்கிறது. சிஸ்அட்மினுக்கும் இது நேரும். இணைப்புச் சாளரத்தில் ஆப்ஷன்ஸ் திறந்து, கனெக்ட் டு டேட்டாபேஸ் என்ற இடத்தில், சர்வரின் அடிப்படை டேட்டாபேஸான மாஸ்டரின் பெயரை நீங்களே தட்டுங்கள். உள்ளே போனதும் லாகின் பிராப்பர்ட்டீஸில் டீஃபால்ட் டேட்டாபேஸை மாஸ்டருக்கு மாற்றிவிடுங்கள். அட்மின் கணக்குகளுக்கு எப்போதும் மாஸ்டரே இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து.

17892 கொஞ்சம் கலக்கம் தருவது. யாரோ எழுதிய லாகான் ட்ரிக்கர் (ஒவ்வொரு லாகினின்போதும் தானாக ஓடும் நிரல்) எல்லோரையும், அட்மின்களையும் சேர்த்து, வெளியே தள்ளுகிறது. லாகின் விவரங்களை ஒரு அட்டவணையில் எழுதும் ட்ரிக்கரை ஒருவர் வைத்துவிட்டுப் போவார். பின்னாளில் இன்னொருவர் அந்த அட்டவணையை அழிப்பார். அடுத்த நொடியிலிருந்து யாராலும் உள்ளே வர முடியாது. இதற்கென்றே ஒரு தனிவழி இருக்கிறது. டெடிகேட்டட் அட்மினிஸ்ட்ரேட்டர் கனெக்‌ஷன், சுருக்கமாக டிஏசி. அந்த வழியாக வந்தால் லாகான் ட்ரிக்கர் இயங்காது.

டிஏசி-யில் நுழைய, மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவின் ஆப்ஜெக்ட் எக்ஸ்ப்ளோரரைப் பயன்படுத்தக் கூடாது. அது ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பு கேட்கும், டிஏசி-யில் ஒரே இணைப்புக்குத்தான் இடம். ஃபைல் மெனுவில் நியூ போய் டேட்டாபேஸ் என்ஜின் க்வெரி திறந்து, சர்வர் பெயருக்கு முன்னால் அட்மின் என்ற சொல்லையும் முக்காற்புள்ளியையும் சேர்த்துக் கொடுங்கள். உள்ளே போனதும் அந்த ட்ரிக்கரை டிசேபிள் செய்யுங்கள். கட்டளையின் முடிவில் ஆன் ஆல் சர்வர் என்று சேர்க்க வேண்டும். அழிக்க அவசரப்பட வேண்டாம், எழுதியவரிடம் காரணம் கேட்ட பிறகு முடிவு செய்யலாம். இயல்பாக டிஏசி சர்வர் இயந்திரத்திலிருந்து மட்டுமே ஏற்கும்; எக்ஸ்பிரஸ் பதிப்பில் ட்ரேஸ் ஃப்ளாக் 7806 இல்லாமல் கிடைக்காது.

விண்டோஸ் கணக்கு, டொமைன்

எஸ்எஸ்பிஐ கான்டெக்ஸ்ட் உருவாக்க முடியவில்லை என்ற செய்தியோ, அனானிமஸ் லாகான் என்ற பெயரில் தோல்வியோ வந்தால் அது கெர்பரோஸ் (டொமைனில் அடையாளத்தை உறுதிசெய்யும் முறை) விவகாரம். சர்வீஸ் கணக்கை மாற்றிய பின் எஸ்பிஎன் (டொமைனில் சர்வீஸுக்குப் பதிந்த பெயர்) பழைய கணக்கிலேயே நிற்பது முதல் சந்தேகம். சர்வரின் கடிகாரம் டொமைன் கன்ட்ரோலரோடு 5 நிமிடத்துக்கு மேல் வேறுபடுவது இரண்டாவது. 18452 வந்தால் உங்கள் கணினி நம்பிக்கை உறவு இல்லாத வேறு டொமைனில் இருக்கிறது. இவை டொமைன் நிர்வாகியோடு உட்கார்ந்து தீர்க்க வேண்டியவை. அவசரமென்றால் சர்வர் இயந்திரத்திலேயே போய் உள்ளூரிலிருந்து இணைத்துப் பாருங்கள். அங்கே நுழைய முடிந்தால் பழுது நெட்வொர்க் அடையாளத்தில்தான் என்பது உறுதி.

எந்தக் கதவும் திறக்காதபோது: சிங்கிள் யூசர் மோட்

எஸ்ஏ பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. சிஸ்அட்மினாக இருந்த ஒரே ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் டொமைன் கணக்கும் அழிக்கப்பட்டுவிட்டது. 2005 பதிப்பு வரை விண்டோஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழு தானாகவே சிஸ்அட்மினாக இருந்தது. 2008-லிருந்து அந்தச் சலுகை இல்லை. ஆகவே இயந்திரத்துக்கே அட்மினாக இருப்பவரும் டேட்டாபேஸுக்குள் போக முடியாமல் நிற்கலாம்.

இதற்கு மைக்ரோசாஃப்டே வைத்திருக்கும் முறையான வழி சிங்கிள் யூசர் மோட். சர்வரை அந்த நிலையில் தொடங்கினால், அந்த இயந்திரத்தின் உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் இருக்கும் எவரும் சிஸ்அட்மினாக உள்ளே வரலாம். ஆனால் சர்வீஸ் நின்று தொடங்கும். எல்லாப் பயன்பாடுகளும் துண்டிக்கப்படும், முடியாத ட்ரான்சாக்‌ஷன்கள் பின்வாங்கும். நேரம் குறித்து, சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கான்ஃபிகரேஷன் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பாராமீட்டராக மைனஸ் எம் சேர்த்தும் செய்யலாம். வேலை முடிந்ததும் அதை எடுக்க மறந்தால், சர்வர் அடுத்த ரீஸ்டார்ட்டிலும் ஒற்றை ஆளுக்கே திறக்கும். அதனால் கட்டளைச் சாளரம் வழியாக ஒரு முறைக்கு மட்டும் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

1. எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட்டை நிறுத்துங்கள். இதை விட்டால் கிடைக்கும் ஒரே இணைப்பை ஏஜென்ட் பிடித்துக்கொள்ளும். ரிப்போர்ட்டிங் சர்வீஸ், கண்காணிப்புக் கருவி, வெப் சர்வர் என்று வேறு யார் யார் இணைவார்கள் என்பதையும் யோசித்து நிறுத்துங்கள்.

2. கமாண்ட் ப்ராம்ப்ட்டை ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறந்து, நெட் ஸ்டாப் கட்டளையால் எஸ்க்யூஎல் சர்வர் சர்வீஸை நிறுத்துங்கள். வழக்கமான இன்ஸ்டன்ஸின் சர்வீஸ் பெயர் எம்எஸ்எஸ்க்யூஎல்சர்வர். பெயரிட்ட இன்ஸ்டன்ஸ் என்றால் எம்எஸ்எஸ்க்யூஎல், டாலர் குறி, இன்ஸ்டன்ஸ் பெயர்.

3. நெட் ஸ்டார்ட், சர்வீஸ் பெயர், ஒரு இடைவெளி, பிறகு முன்சாய்வுக்கோடு, சிறிய எம், அதோடு ஒட்டியே பெரிய எழுத்தில் எஸ்க்யூஎல்சிஎம்டி என்று தட்டித் தொடங்குங்கள். எஸ்க்யூஎல்சிஎம்டி என்று தன்னை அறிமுகப்படுத்தும் கருவிக்கு மட்டுமே இடம் என்று இதற்குப் பொருள். எழுத்தின் பெரிது சிறிதை இங்கே அப்படியே காப்பாற்ற வேண்டும்.

4. அதே சாளரத்தில் எஸ்க்யூஎல்சிஎம்டி கருவியை விண்டோஸ் ஆதென்டிகேஷனோடு இயக்குங்கள். வழக்கமான இன்ஸ்டன்ஸ் என்றால் சர்வர் பெயருக்கு ஒரு புள்ளி போதும், விண்டோஸ் அடையாளத்துக்குப் பெரிய இ. புதிய பதிப்பு சான்றிதழைக் குறைசொன்னால் பெரிய சி-யையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. உங்கள் விண்டோஸ் கணக்கை க்ரியேட் லாகின் கட்டளையில், ஃப்ரம் விண்டோஸ் என்று முடித்துச் சேருங்கள். அடுத்து ஆல்டர் சர்வர் ரோல் கட்டளையால் சிஸ்அட்மின் ரோலில் அந்தக் கணக்கை உறுப்பினராக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் பின் தனி வரியில் கோ தட்ட மறக்காதீர்கள்.

6. இஸ்_எஸ்ஆர்விரோல்மெம்பர் ஃபங்ஷனில் சிஸ்அட்மின் என்பதையும் சேர்த்த கணக்கின் பெயரையும் கொடுத்துக் கேளுங்கள். 1 என்று பதில் வர வேண்டும்.

7. வெளியேறி, சர்வீஸை நிறுத்தி, இந்த முறை கூடுதல் எதுவும் சேர்க்காமல் தொடங்குங்கள். ஏஜென்ட்டையும் மற்றவற்றையும் திரும்ப இயக்குங்கள்.

நான்காம் படியில் 18461 வந்தால் வேறு யாரோ அந்த ஒற்றை இடத்தைப் பிடித்துவிட்டார்கள். எரர் லாகில் யார் என்று பார்த்து, அவர்களை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். டொமைன் கன்ட்ரோலரை எட்ட முடியாத நிலையிலும் இந்த வழி உதவும்; உள்ளூர் விண்டோஸ் அட்மின் கணக்கு ஒன்று இருந்தால் போதும். ஃபெயில்ஓவர் க்ளஸ்டரில் இப்படியே செய்யக் கூடாது. க்ளஸ்டரின் சொந்தக் கண்காணிப்பே அந்த இணைப்பை எடுத்துக்கொள்ளும், அதை முதலில் ஆஃப்லைன் ஆக்க வேண்டும்.

பவர்ஷெல் பழக்கமுள்ளவர்களுக்கு டிபிஏடூல்ஸ் தொகுப்பில் ரீசெட் டிபிஏஅட்மின் என்ற கட்டளை இருக்கிறது. மேலே சொன்ன அத்தனையையும் அதுவே செய்யும், ரீஸ்டார்ட் உட்பட. ஒருமுறையாவது கையால் செய்து பார்த்த பிறகு அதைப் பயன்படுத்துங்கள். நடுவில் நின்றுபோனால் எங்கே நின்றது என்று அப்போதுதான் புரியும்.

ஐந்தாம் படியில் ஏன் எஸ்ஏ பாஸ்வேர்டை மாற்றச் சொல்லவில்லை என்று கேட்கலாம். யாருக்கும் தெரியாது என்று நினைத்த அந்தப் பாஸ்வேர்ட் ஏதோ ஒரு பழைய பயன்பாட்டின் கோப்புக்குள் உட்கார்ந்து ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கலாம். மாற்றினால் அது நிற்கும். முதலில் உங்களுக்கு ஒரு வழியை உண்டாக்குங்கள். எஸ்ஏ-வை யார் பயன்படுத்துகிறார்கள் என்று உள்ளே போய்ப் பார்த்தபின் மாற்றலாம்.

லினக்ஸ், டாக்கர்

லினக்ஸில் வேலை சுலபம். எரர் லாக், வார் ஆப்ட் எம்எஸ்எஸ்க்யூஎல் பாதையில் லாக் ஃபோல்டருக்குள் இருக்கும். எஸ்ஏ பாஸ்வேர்ட் மறந்தால் சர்வீஸை நிறுத்திவிட்டு, எம்எஸ்எஸ்க்யூஎல்-கான்ஃப் கருவியை ரூட் உரிமையோடு செட்-எஸ்ஏ-பாஸ்வேர்ட் என்று சேர்த்து ஓட்டுங்கள். புதியதைக் கேட்கும், கொடுத்துவிட்டு சர்வீஸைத் தொடங்கலாம். குறைந்தது 8 எழுத்துகள் வேண்டும்; பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு ஆகிய நான்கில் குறைந்தது மூன்று வகை இருக்க வேண்டும்.

டாக்கரில் புதிதாக உருவாக்கிய கன்டெய்னர் உடனே நின்றுவிட்டால், நீங்கள் கொடுத்த பாஸ்வேர்ட் இந்த விதிக்குப் போதவில்லையா என்று முதலில் பாருங்கள். பழைய வால்யூமை மாட்டிய கன்டெய்னருக்கு என்விரான்மென்ட் வேரியபிளில் புதுப் பாஸ்வேர்ட் கொடுத்தும் ஏற்கவில்லை என்றால், அதுவும் இயல்புதான். பாஸ்வேர்ட் வால்யூமில் இருக்கும் மாஸ்டர் டேட்டாபேஸுக்குள் இருக்கிறது. வேரியபிள் முதல்முறை அமைக்கும்போதுதான் பயன்படுகிறது.

உள்ளே போனபின்

லாகின்கள் எல்லாம் மாஸ்டர் டேட்டாபேஸில் வாழ்பவை. மாற்றம் முடிந்ததும் அதை ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள்.

தனி ஆளின் கணக்கை சிஸ்அட்மினாக வைப்பதற்குப் பதில், டொமைனில் ஒரு குழு அமைத்து, அதில் குறைந்தது இரண்டு பேரைப் போட்டு, அந்தக் குழுவை சிஸ்அட்மினாக்குங்கள். ஆள் மாறினால் குழுவில் மாற்றினால் போதும். டொமைனே விழுந்தாலும் நுழைவதற்கு, வேறு யாருக்கும் எதற்கும் பயன்படாத ஒரு எஸ்க்யூஎல் லாகினை நீண்ட பாஸ்வேர்டோடு வைத்து, அதைப் பாஸ்வேர்ட் பெட்டகத்தில் பூட்டி வையுங்கள்; கலப்பு முறை இயங்கினால்தான் இது உதவும். சிங்கிள் யூசர் நிலையில் அவசரத்துக்குச் சேர்த்த உங்கள் சொந்தக் கணக்கைக் குழு வேலை செய்வதை உறுதிசெய்த பிறகு நீக்கிவிடுங்கள்.

பயன்பாடுகள் எஸ்ஏ-வைப் பயன்படுத்துவதைக் கண்டால் ஒவ்வொன்றுக்கும் தேவையான அளவு உரிமையோடு தனி லாகின் கொடுத்துப் பிரித்துவிடுங்கள். எல்லாம் பிரிந்தபின் எஸ்ஏ-வின் பாஸ்வேர்டை மாற்றி, கணக்கை முடக்கிவையுங்கள். அதற்கடுத்த சில நாட்கள் எரர் லாகில் எஸ்ஏ பெயரோடு 18456 அல்லது 18470 வருகிறதா என்று பாருங்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் அறிக்கைகளும் இருக்கும் என்பதால் ஒரு மாத முடிவு தாண்டும் வரை பார்ப்பது நல்லது. வரும் ஒவ்வொரு ஐபி முகவரியும் இன்னும் மாற்றப்படாத ஒரு கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்; அந்த இயந்திரத்துக்குப் போய் அதையும் மாற்றிவிடுங்கள்.